பன்றிக்கு விதைத்தால் மானும் வரும்

கேரளச் சட்டமன்றம் 2025 அக்டோபரில் நிறைவேற்றிய வன உயிரினப் பாதுகாப்புத் திருத்த மசோதாவைப் பற்றி நம் இதழ் இதுவரை எதுவும் எழுதவில்லை. மத்தியச் சட்டத்தை மாநிலம் திருத்துகிறது, அரசியல் சட்டத்தின் 254(2) பிரிவின்படி குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டும், அது தெரிந்தபின் பேசிக்கொள்ளலாம் என்று இருந்தோம். இனி அப்படி இருக்க முடியாது. சட்டம் வருவதற்கு முன்பே சிலர் வேலையைத் தொடங்கிவிட்டார்கள். கூடலூர், நிலம்பூர், வால்பாறைப் பக்கத்து வாசகர்களிடமிருந்து ஒரே கேள்வி வேறு வேறு சொற்களில் வந்துகொண்டிருக்கிறது: காட்டோரத்தில் கால் ஏக்கரில் மரவள்ளியோ மக்காச்சோளமோ பொறிப்பயிராகப் போட்டு, பன்றியை அங்கே பழக்கி, பரணில் இருந்து சுட்டால் என்ன? தோட்டத்துக்குள் இரவெல்லாம் டார்ச் அடித்துத் திரிவதைவிட இது சுலபமல்லவா?

கூடாது என்பதே நம் பதில். இன்றைய சட்டப்படியும் கூடாது, நாளை ஒப்புதல் கிடைத்த பிறகும் கூடாது.

சட்டத்தை முதலில் முடித்துவிடுவோம். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 2(16) சுடுவதை மட்டும் வேட்டை என்று சொல்லவில்லை. கண்ணி வைப்பது, பொறி வைப்பது, விரட்டுவது, இரை வைத்து இழுப்பது, இவற்றுக்கான முயற்சிகள் எல்லாமே அதில் வேட்டைதான். துப்பாக்கியைத் தொடாதவரும், விலங்கை இழுக்கவென்றே இரை வைத்த அந்தக் கணத்தில், வேட்டையைத் தடுக்கும் பிரிவு 9-க்குள் வந்துவிடுகிறார். கையில் 11(1)(ஆ) உத்தரவு இருக்கிறதே என்று சிலர் கேட்கிறார்கள். அந்த உத்தரவு எதற்காக? மனித உயிருக்கோ உடைமைக்கோ, நிற்கும் பயிருக்கோ ஆபத்தாகிவிட்ட பட்டியல் 2 விலங்குக்காக. பன்றி தின்ன வேண்டும் என்றே பயிர் போட்டு, தின்றபின் பயிர்ச்சேதம் என்று மகஜர் எழுதினால், அந்தச் சேதத்தை உண்டாக்கியவர் பயிர் போட்டவர்தான். 2021 ஜூலையில் கேரள உயர் நீதிமன்றம் சில விவசாயிகளுக்கு இந்தப் பிரிவின்கீழ் அனுமதி தரச் சொன்னதும், 2022 மே மாதம் முதல் ஊராட்சித் தலைவர்கள் கௌரவ வன உயிரினக் காப்பாளர்களாக உத்தரவு தருவதும், பிழைப்புக்காக வைத்த பயிரை இழந்தவர்களுக்காக. பரணுக்கு முன்னால் விதைத்தவர்களுக்காக அல்ல.

மசோதாவில் நம்மை உறுத்துவது வேறு இடம். இப்போதைய பிரிவு 62-இன்படி பட்டியல் 2 விலங்கைத் தீங்குயிரி என்று அறிவிக்கும் அதிகாரம் மத்திய அரசிடம் இருக்கிறது. பீகாரிலும் உத்தரகண்டிலும் சில ஆண்டுகளுக்கு முன் அப்படி அறிவித்தார்கள். கேரளம் பலமுறை கேட்டும் கிடைக்கவில்லை. அந்த அதிகாரத்தை மாநிலத்துக்கு எடுத்துக்கொள்கிறது மசோதா. விவசாயிகள் பட்ட பாட்டைப் பார்த்தால் இது நியாயமான கோரிக்கை என்பதே நம் கருத்து. ஆனால் அறிவிக்கை அமலில் இருக்கும்வரை அந்த விலங்கு பட்டியல் 2-இல் இல்லாததாகவே கொள்ளப்படும். பட்டியலில் இல்லாத விலங்குக்குப் பிரிவு 9 பொருந்தாது. 2(16) சொல்லும் இரை வைப்பதும் குற்றமாகாது. யார் சுடுவது, யார் உத்தரவு தருவது, இறைச்சியைப் புதைப்பதா கறிவைப்பதா என்று மாதக்கணக்கில் விவாதம் நடந்தது. எப்படி வரவழைத்துச் சுடுவது என்பதைப் பற்றி ஒருவரும் பேசியதாக நம் காதில் விழவில்லை.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கும் இதில் பங்கு உண்டு. 2025 ஜனவரியில் அறிவித்த ஏற்பாட்டின்படி, காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைத் தொடக்கூடாது, 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம், அதற்கு அப்பால் வனத்துறையே சுடும். இந்தத் தொலைவுக் கணக்குக்கு ஒரு பொருள் உண்டு. பொறிப்பயிர் அந்தப் பொருளைக் கெடுத்துவிடும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் மக்காச்சோளம் போட்டால், காட்டை ஒட்டித் திரிந்த பன்றிக்கும் அங்கே வந்துபோகும் தடம் பழகிவிடும்.

பயிரை விதைக்கிற நமக்கு யாருக்காக விதைக்கிறோம் என்று தெரியும். வருகிற விலங்குக்குத் தெரியாது. மக்காச்சோளத்தின் பால்கதிருக்குப் பன்றி வரும். தளிருக்குப் புள்ளிமான் வரும். இரண்டுக்கும் யானை வரும். 2020 மே மாதம் பாலக்காட்டு மண்ணார்க்காட்டுப் பகுதியில் நடந்தது நம்மில் யாருக்கும் மறந்திருக்காது. பன்றிக்கு வைத்த அவுட்டுக்காயை, அதாவது வெடி பொதிந்த இரையை, கருவுற்ற யானை கடித்தது. வாய் சிதைந்து, வெள்ளியாற்றில் நின்றபடியே செத்தது. கோவை வனக்கோட்டத்திலும் அவுட்டுக்காய் கடித்த யானைகளைப் பார்த்தவர்கள் நம் வாசகர்களில் உண்டு. பயிரில் வெடி இல்லையே என்பது சரிதான். ஆனால் பரணில் இரவு 2 மணிக்கு உட்கார்ந்திருப்பவருக்கு, சோளத்தட்டைக்குள் அசைவது பன்றியா மானா என்று தெரிய வேண்டும். பன்றிக்கு அறிவிக்கை இருக்கலாம். அதே பாத்திக்கு வரும் புள்ளிமான் அப்போதும் பட்டியல் 2-இல்தான் இருக்கும். ஆக, பன்றிக்குச் சட்டப்படி விதைத்த அதே பயிர் மானுக்கு இரை வைத்த குற்றமாகிவிடும். நீதிமன்றத்தில் இதை எப்படிப் பிரித்துக் காட்டுவீர்கள்?

அமெரிக்காவில் எல்லாரும் செய்கிறார்களே என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். செய்கிறார்கள்தான். மான் வேட்டைப் பருவத்துக்கு முன் சின்னச் சின்னத் துண்டு நிலங்களில் கிளோவரும் ஓட்ஸும் டர்னிப்பும் விதைப்பது அங்கே பெரிய வழக்கம். தரையில் கொட்டிய சோளத்தை இரை என்றும், விதைத்து வளர்த்த சோளத்தைப் பயிர் என்றும் பல மாநிலங்கள் பிரித்துப் பார்க்கின்றன. ஆனால் அங்கே வேட்டைக்கு உரிமம் உண்டு, பருவம் உண்டு, ஒருவர் எத்தனை எடுக்கலாம் என்ற வரம்பு உண்டு, சுட்ட மான் சுட்டவருக்கே. நம் நாட்டில் உரிம வேட்டைக்கான பிரிவுகள் 1991-இல் நீக்கப்பட்டுவிட்டன. அந்த உரிமக் காலத்துப் பிரிவு 17-கூட உப்பு நக்குமிடத்திலும் நீர்க்குட்டையிலும் காத்திருந்து சுடுவதைத் தடை செய்திருந்தது என்பதை இளைய வாசகர்கள் கவனிக்க வேண்டும். பசியோடும் தாகத்தோடும் வரும் இடத்தில் விலங்கைச் சுடக்கூடாது என்பது வேட்டைக்காரர்களே ஒப்புக்கொண்ட ஒழுங்கு. நீலகிரியில் 1879-ஆம் ஆண்டுச் சட்டம் வந்த நாளிலிருந்து பேசப்பட்டு வந்த ஒழுங்கு அது.

அமெரிக்காவிலேயே இப்போது தீவனம் போடுவதை எதிர்த்துப் பேசுபவர்கள் கால்நடை மருத்துவர்கள். 1967-இல் கொலராடோவில் அடைத்து வளர்த்த மான்களிடம் முதலில் கண்ட நாள்பட்ட நலிவு நோய், 2016-இல் நார்வே கலைமான் வரை போய்விட்டது. ஒரே இடத்தில் வாய் வைத்து மேயும் இடங்களில் அதன் நோய்க்கூறு மண்ணில் ஆண்டுக்கணக்கில் தங்குகிறது. அந்த நோய் இந்தியாவில் பதிவாகவில்லை. ஆனால் நமக்குச் சொந்தமாக ஒன்று வந்து சேர்ந்திருக்கிறது. 2022 ஜூலையில் மானந்தவாடிப் பண்ணைகளில் கண்டறியப்பட்ட ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல், அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் முதுமலைக் காட்டுப்பன்றிகளையே கொன்றது. நாலு கூட்டங்களாகத் தனித்தனியே திரியும் பன்றிகளை ஒரு பாத்தியில் மூக்கோடு மூக்கு உரச வைப்பது, அந்த நச்சுயிரிக்கு நாமே வழிசெய்து கொடுப்பதாகும். இந்த ஒரு காரணமே பொறிப்பயிரை மறுக்கப் போதும் என்று நம் ஆசிரியர் குழுவிலுள்ள கால்நடை மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

இன்னொன்று மானைத் தொடர்ந்து வருவது. 2025 ஜனவரியில் வயநாட்டுப் பஞ்சாரக்கொல்லியில் காப்பித் தோட்டத்துக்குப் போன பெண்ணைப் புலி கொன்றது. அது பொறிப்பயிரால் நடந்ததல்ல. அப்படிச் சொல்ல மாட்டோம். ஆனால் காட்டோரத்துப் பச்சைக்கு மான் தினமும் வரத் தொடங்கினால், சிறுத்தைக்கும் புலிக்கும் அங்கே வேலை வந்துவிடுகிறது. விடிகாலையில் ரப்பர் பால் வெட்டவும் இலை பறிக்கவும் நடந்து போகிறவர்கள் அதே வழியில்தான் போகிறார்கள்.

ஆகவே ஒப்புதல் கிடைத்து விதிகள் எழுதப்படும்போது, எந்த அறிவிக்கையிலும் இரை வைப்பதற்கும் இழுக்கவென்று பயிரிடுவதற்கும் தடை எழுத்தில் இருக்க வேண்டும். கூண்டுக்குள் வைக்கும் கிழங்கு வேறு விஷயம். பன்றியல்லாதது மாட்டினால் கதவைத் திறந்து விடலாம். அதற்கு அனுமதி இருக்கட்டும். இதில் நமக்குச் சந்தேகமே இல்லை.

இவ்வளவு எழுதிய பிறகும் மனம் ஆறவில்லை. பொறிப்பயிருக்கு மான் ஏன் வருகிறது? காட்டுக்குள் புல் இல்லாததால் வருகிறது. இந்த இதழ் தொடங்கிய நாளிலிருந்து இதைத்தான் சொல்லி வருகிறோம்.

மார்ச் மாதம் காட்டுக்கு நடுவே ஒரு நல்ல வயலில், அதாவது ஈரப் புல்வெளியில், நின்று பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சுற்றிலும் தேக்கு மொட்டையாக நிற்கும், சருகு காலில் நொறுங்கும். நடுவில் மட்டும் ஈரம் கசிந்து, கோரையும் அருகும் பச்சையாகக் கிடக்கும். ஓரத்துப் புல் மான் கடித்துக் கடித்து விரற்கடை உயரத்துக்கு மேல் எழும்பாது. குனிந்து பார்த்தால் ஒவ்வொரு தாளும் நுனி மழுங்கி, அடியில் புதுத் தளிர் விட்டிருக்கும். அதற்கு உள்ளே காட்டெருமை மிதித்த குழிகளில் தண்ணீர் நிற்கும். முத்தங்கா, குறிச்சியாடு, தோல்பெட்டி, தமிழ்நாட்டுப் பக்கம் முதுமலையில் நெல் விளைந்து பிறகு ஆட்கள் வெளியேறிய பழைய வயல்கள் எல்லாம் கோடையில் மானைத் தாங்கும் இடங்கள். கான்ஹாவில் ஊர்களை மாற்றியபின் விட்ட வயல்வெளிகளை மேய்ச்சல் வெளிகளாகவே காத்து வருகிறார்கள். அங்கே மான் பெருகியதற்கு அந்த வெளிகள் ஒரு பெருங்காரணம்.

நம் வயல்கள் என்ன ஆயின? மேட்டில் தைல மரம் நட்டார்கள், ஊற்று கீழே போயிற்று. வயநாடு சரணாலயத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தேக்கும் தைலமுமாகத் தோட்டக் காடு. காய்ந்த ஓரத்தில் உண்ணிச்செடியும் கம்யூனிஸ்ட் பச்சையும் ஏறின. அதன்மேல் மஞ்சள்கொன்றை. அந்த மஞ்சள்கொன்றையை நட்டது யார்? சமூகக் காடு வளர்ப்பு என்ற பெயரில் வனத்துறையின் நாற்றங்காலிலிருந்தே முத்தங்காவுக்குக் கன்றுகள் போயின. இன்று அது சரணாலயத்தில் 100 சதுர கிலோமீட்டருக்கும் மேல் பரவியிருக்கிறது. அதன் நிழலில் புல் முளைக்காது. இலையை மான் தொடாது. இப்போது அதே மரத்தை வெட்டிக் காகித ஆலைக்கு அனுப்ப ஆண்டுக்கணக்கில் கோப்புகள் நகர்கின்றன.

2021-இல் கேரள அரசே சூழல் மீட்புக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. அயல் மரத் தோட்டங்களை அகற்றி இயற்கைக் காட்டை மீட்பதாக அதில் இருந்தது. நாமும் வரவேற்று எழுதினோம். மூன்றே ஆண்டில், 2024 மே மாதம், வன வளர்ச்சிக் கழகம் மறுபடி தைல மரம் நட அனுமதித்து உத்தரவு வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் அதைத் திருத்தினார்கள். திருத்தியது நல்லது. ஆனால் கொள்கையை எழுதிய அரசாங்கத்தில் அந்த உத்தரவுக்குக் கையெழுத்துப் போடும்வரை ஒரு மேசையிலும் ஒருவரும் தடுக்கவில்லை என்பதை நாம் எப்படி எடுத்துக்கொள்வது?

2025-இல் காட்டுக்குள் உணவு, தீவனம், தண்ணீர் என்று ஓர் இயக்கத்தைத் துறை அறிவித்தது. வித்தூட்டு என்று விதையுருண்டைகளை வீசினார்கள். திட்டத்தின் நோக்கத்தில் குறை சொல்ல மாட்டோம். குளம் தூர்வாரியதும் களையகற்றியதும் தேவையான வேலைகள். ஆனால் படம் எடுத்து வெளியிட்டதில் முக்கால்வாசி விதையுருண்டையும் மரக்கன்றும். புள்ளிமான் முதலில் புல் மேயும் விலங்கு. நெல்லியும் தான்றியும் அது தின்னும், முதுமலையில் நெல்லியின் விதையைப் பரப்புவதில் அதற்குப் பெரிய பங்கும் உண்டு. ஆனால் நெல்லிக்கன்று காய்க்கும்வரை அந்த மான் காத்திருக்க முடியாது. பச்சை வேண்டும் என்று சில சரகங்களில் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லை நடுகிறார்கள். கோ-4 மாட்டுக் கொட்டகைக்கு அருமையான புல். உரமும் பாசனமும் கேட்கும் புல்லைக் காட்டில் நட்டு இரண்டாம் கோடையில் காய்ந்த தூரைப் பார்ப்பதற்குப் பணம் எதற்கு?

புல்லுக்குக் கணக்குத் தலைப்பே கிடையாது என்பதுதான் அடிப்படைக் கோளாறு. சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு வயலுக்கு மீட்புத் திட்டம் எழுதிக் கொடுத்தோம். மேட்டுத் தைலத்தை வெட்டுவது, வடிகால் ஓடையை அடைப்பது, உண்ணிச்செடியைத் தூருக்குக் கீழே வேரில் வெட்டித் தலைகீழாகப் போடுவது, பக்கத்து வயலிலேயே சேகரித்த புல்விதையைத் தூவுவது; அவ்வளவுதான். நடப்படும் கன்றுகளின் எண்ணிக்கை என்ற கட்டம் காலியாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பினார்கள். கட்டத்தில் சுழியம் எழுதிக் கொடுத்தோம். அதுவும் திரும்பி வந்தது. கடைசியில் ஓர் அதிகாரி தொலைபேசியில், ஓரத்தில் இருநூறு கன்றாவது நட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் எதைக் காட்டிப் பில் போடுவது என்று கேட்டார். அவர் கெட்டவர் அல்ல. அவர் கையில் இருந்த படிவம் அப்படி. அந்தப் படிவத்தை எழுதியவர்கள்மேல்தான் நமக்குக் கோபம். மரம்தான் காடு என்ற எண்ணம் வனமகோற்சவ மேடையில் இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். செயல் திட்டத்தில் இருந்தால் மானும் பன்றியும் அதற்கான விலையை விவசாயியின் தோட்டத்தில்தான் வசூலிக்கின்றன.

தெரியாமல் செய்கிறார்கள் என்று சொல்லவும் வழியில்லை. இரவிகுளத்தில் புல்வெளியைப் பகுதி பகுதியாக, குளிர்காலத்தில், ஆளை நிறுத்தி எரித்து, வரையாட்டுக்கு இளம்புல் தரும் முறை தலைமுறை தலைமுறையாக இருந்தது. 1971-க்கு முன் அந்த மலை தேயிலைக் கம்பெனியின் வேட்டைக்காடு. காவலுக்கு இருந்த முதுவர்களுக்கு எந்தச் சரிவை எந்த ஆண்டு எரிக்க வேண்டும் என்பது மனப்பாடம். 1975-இல் சரணாலயமாகவும் 1978-இல் தேசியப் பூங்காவாகவும் ஆனபின்னும் அந்த அறிவைத் துறை பயன்படுத்திக்கொண்டது. வேட்டைக்காக உண்டான மேய்ச்சல் மேலாண்மை, வேட்டை நின்ற பிறகு விலங்குக்கே பயன்பட்டது. பிலிகிரிரங்கன் மலைச் சோலிகர்கள், தரைத்தீயைத் தடுத்த பிறகுதான் உண்ணிச்செடி இப்படி மண்டியது என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார்கள். எல்லா வயலிலும் தீ வை என்று நாம் சொல்லவில்லை; ஈர வயலுக்குத் தீ மருந்தே அல்ல. தண்ணீரை நிறுத்துவதும் களையை எடுப்பதும்தான் அங்கே வேலை. எந்த இடத்துக்கு எது என்று தெரிந்த கண்காணிப்பாளர்களும் பழங்குடிக் காவலர்களும் துறையிலேயே இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டு எழுதிய செயல் திட்டத்தை நாம் இன்னும் பார்க்கவில்லை.

சரணாலயத்துக்குள் தொடக்கூடாது, பிரிவு 29 தடுக்கிறது என்று ஒரு சாக்கு எப்போதும் வரும். வன உயிரினத்தின் மேம்பாட்டுக்கும் நல்ல மேலாண்மைக்கும் என்றால் அதே பிரிவு அனுமதிக்கிறது. தைல மரம் நடத் தடையாக இல்லாத சட்டம் தைல மரத்தை எடுக்க மட்டும் தடையாகுமா?

கொச்சி இடப்பள்ளியில் மேம்பாலத்துக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு காட்டைப் பற்றி எழுதுகிறீர்கள் என்று நண்பர்கள் சொல்வதுண்டு. உயர் நீதிமன்றம் இங்கிருந்து பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது; அதை ஒட்டி இருக்கும் மங்களவனக் காடு வெறும் 2.74 ஹெக்டேர்தான். ஆனால் கேரளக் காட்டோரத்து வழக்குகள் எல்லாம் கடைசியில் இந்த ஊருக்குத்தான் வருகின்றன. அப்போது நீதிபதியின் முன் வைக்க, எந்த வயலில் எவ்வளவு புல் இருந்தது, எப்போது போயிற்று என்ற ஒரு தாள்கூட நம்மிடம் இல்லை. துறை தராது. ஆகவே நாமே எழுதுவோம்.

வனச்சரகர்களும் களப்பணியாளர்களும் கால்நடை மருத்துவர்களும் இந்த மார்ச்சில் தங்கள் எல்லைக்குள் உள்ள ஒவ்வொரு வயலுக்கும் ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள்: பச்சை நிற்கும் பரப்பு, தண்ணீர் நிற்கும் மாதம், மேட்டில் நிற்கும் மரம், ஓரத்தில் ஏறியிருக்கும் களை. பெயர் போட வேண்டாம் என்றால் போட மாட்டோம். மழைக்கு முந்திய இதழில் அத்தனையும் வெளிவரும். விதிகளை எழுதும் குழுவுக்கும் பிரதி போகும். காட்டோரத்தில் பொறிப்பயிர் விதைத்துவிட்டவர்கள் கதிர் பிடிக்கும்வரை காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே அதை மடக்கி உழுதுவிடுங்கள்.